விலை குறைந்த கடையில் பில் ஏன் கூடியது?

கேள்வி: கோவை வடவள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதாமாதம் ஒரே சண்டை. ஊருக்கு வெளியே இருக்கும் குறைந்த விலைப் பெரிய கடைதான் லாபம் என்று ஒரு கட்சி. அங்கே கூட்டத்தில் நசுங்குவதற்குப் பக்கத்து ஏசி சூப்பர் மார்க்கெட்டே மேல், பொருளும் தரம் என்று இன்னொரு கட்சி. நான் ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே வாங்கிப் பார்த்தேன். பெரிய கடையில் 18,430 ரூபாய், ஏசி கடையில் 16,990 ரூபாய் ஆனது. விலை குறைவான கடையில் செலவு கூடியது எப்படி? எந்தக் கடைக்குப் போகலாம்? இரண்டு பில்களும் இணைத்திருக்கிறேன். எல்லாமே கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறோம், 1% கேஷ்பேக் வருகிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டியதிலிருந்து கார்டில் 38,000 ரூபாய் பாக்கி ஓடுகிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம். வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் எஃப்டி இருக்கிறது. ரேஷனில் அரிசி அட்டை உண்டு, ஆனால் வாங்குவதில்லை.
- வாசகி, கோவை

பதில்: பில்லையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. பலர் கேள்வியை மட்டும் அனுப்புவார்கள். பில் இல்லாமல் மளிகைக் கணக்கு பேச முடியாது.

முதலில் உங்கள் புதிரை அவிழ்த்துவிடலாம். இரண்டு பில்லிலும் அதே பிராண்டு, அதே அளவில் இருக்கும் பொருட்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன். 31 தேறின. பெரிய கடையில் அவற்றின் மொத்தம் 8,370 ரூபாய், ஏசி கடையில் 9,240 ரூபாய். அதாவது பெரிய கடை 870 ரூபாய் மலிவு. அந்த வகையில் குழுவின் முதல் கட்சி சொல்வது சரிதான்.

பில் கூடியது மற்ற பொருட்களால். பட்டியலில் இல்லாமல் வண்டிக்குள் வந்து விழுந்தவை பெரிய கடையில் 3,100 ரூபாய்க்கு இருக்கின்றன: பிளாஸ்டிக் டப்பா செட், பிள்ளைகளுக்கு இரண்டு டி-ஷர்ட், ஒரு தோசைக்கல், மூன்று பாட்டில் ஜாம், குளிர்பானம். ஏசி கடையிலும் இப்படி வந்தவை உண்டு. சீஸ், வெளிநாட்டு ஓட்ஸ், ஸ்பெஷல் ரொட்டி என்று 1,400 ரூபாய். மீதி 610 ரூபாய் வித்தியாசம் உண்மையில் செலவே அல்ல. சலவைத்தூளையும் தரை கழுவும் திரவத்தையும் பெரிய அளவில் வாங்கியிருக்கிறீர்கள், அது அடுத்த இரண்டு மாதத்துக்கும் வரும். ஒரு மாத பில்லை ஒரு மாத பில்லோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டப்பாவும் டி-ஷர்ட்டும் தற்செயலாக வந்தவை அல்ல. இந்த வகைக் கடைகளின் வியாபார முறையே அப்படி. 2002-ல் தொடங்கி 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்த டிமார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக் கட்டடங்களைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கிவிடுவது, சப்ளையர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குவது, அதிகம் விற்கும் பொருட்களை மட்டும் அடுக்குவது: இவைதான் அதன் வழி. மளிகையில் லாபம் மெல்லியது. துணி, பாத்திரம், வீட்டுச் சாமான் பக்கம் லாபம் கொஞ்சம் தடிமன். துவரம்பருப்பின் மலிவைப் பார்த்து உள்ளே வருகிறவர் தோசைக்கல்லோடு வெளியே போனால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தோசைக்கல் உங்களுக்கு வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி.

பக்கத்துக் கடையில் விலை கூடுவதற்கும் காரணம் உண்டு. ஊருக்குள் வாடகை, ஏசி, மாதம் நாலு பாக்கெட் மட்டுமே விற்கும் பொருட்களையும் அடுக்கி வைப்பது. பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த உச்சவரம்பு. அதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். கீழே விற்கத் தடையில்லை. ஆகவே பாக்கெட் பொருளில் 'உயர்தரக் கடை' என்பதற்கு அர்த்தம், எம்ஆர்பியை ஒட்டி விற்கும் கடை என்பதுதான். அதே சோப்பு, அதே பிஸ்கட், அதே தேயிலை. அந்த 31 பொருட்களில் தரம் என்ற வாதத்துக்கு இடமே இல்லை. தரம் என்று பேச வேண்டிய இடம் காய், பழம், இறைச்சி, ரொட்டி, உதிரிப் பருப்பு. அவற்றில் ஏசி கடைக்காரர் நன்றாகத் தேர்ந்து வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த 870 ரூபாயைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். போக வர 18 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் ஒரு நடைக்கு 120 ரூபாய் சொச்சம். நீங்கள் அந்த மாதம் இரண்டு முறை போயிருக்கிறீர்கள். ஒரு முறையோடு நிறுத்தினால் 750 ரூபாய் நிற்கும், இரண்டு முறை போனால் 625. பிள்ளைகளையும் கூட்டிப்போய் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் அதுவும் கரையும். (கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மளிகைச் சேமிப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்.)

அரிசியை நான் 31-ல் சேர்க்கவில்லை. அது தனிக் கதை. இரண்டு கடையிலும் அதே ஐந்து கிலோ பிராண்டு பாக்கெட்டை, கிலோ 76 ரூபாய் என்று ஒரே விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். பக்கத்து மண்டியில் அதே ரகம் 26 கிலோ மூட்டை 1,600 ரூபாய் என்று பில்லின் ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். கிலோவுக்கு 62 ரூபாய்கூட இல்லை. மாதம் 20 கிலோ என்றால் 290 ரூபாய் மிச்சம். அது என்ன 26 கிலோ என்று யோசித்திருப்பீர்கள். 2022 ஜூலையிலிருந்து, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5% ஜிஎஸ்டி. அதைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை. அப்போது பிறந்ததுதான் இந்த 26 கிலோ மூட்டை. வரி மட்டுமே 14 ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் அல்ல. பிராண்டுக்கும் பாக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். வண்டு வைக்காமல் மூட்டையைப் பார்த்துக்கொள்வது மாமியாருக்குத் தெரிந்திருக்கும்.

ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு ஏன் வாங்காமல் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அரிசி பிடிக்காவிட்டால் விடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் உண்டு. பருப்பு ஒன்றை வாங்கினாலே மாதம் 100 ரூபாய் போல நிற்கும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. காய்க்கு வடவள்ளி உழவர் சந்தை உங்கள் காலடியில் இருக்கிறது. 1999-ல் இந்தத் திட்டம் தொடங்கியதே இடைத்தரகர் இல்லாமல் விவசாயியும் வாங்குபவரும் நேராகச் சந்திக்கத்தான். காலையிலேயே போய்விட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சூப்பர் மார்க்கெட்டிலும் காய் வாங்கியதை பில்லில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

எண்ணெயில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பாக்கெட் பார்க்க லிட்டர் மாதிரியே இருக்கும்; உள்ளே 850 கிராமோ அதற்கும் குறைவோ இருக்கலாம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 910 கிராம் அளவுக்கு நிற்கும். பாக்கெட்டின் மேல் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' அட்டையைப் படிப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

அப்புறம், பட்டியலுக்கு வெளியே வாங்கும் சமாச்சாரம். அது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை மட்டும் 11 சதவீதம் போல வருகின்றன. தானியங்களின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே. நாம் அரிசி விலையைப் பற்றிச் சண்டை போடுகிறோம், பணம் ஜூஸ் பாட்டிலில் போகிறது. இதை முழுக்க நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஏசி கடையில் வழக்கமாகப் போகும் 1,400-ஐப் பாதியாக்கினால் போதும். 700 ரூபாய் நிற்கும். மாமியாரின் ஓட்ஸில் கை வைக்காதீர்கள், உள்நாட்டு ஓட்ஸுக்கு மாறுங்கள்.

ஆக உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: பாக்கெட் சாமான், சோப்பு, சலவைத்தூளுக்கு மாதம் ஒரே ஒரு முறை பெரிய கடை, கையில் பட்டியலோடு, முடிந்தால் தனியாக. அரிசி மண்டியில். காய் சந்தையில். நடுவில் தீர்ந்துபோகும் சில்லறைக்கும் ரொட்டி, பால் பொருட்களுக்கும் நடந்து போகிற தூரத்தில் ஏசி கடை. இப்படிச் செய்தால் (பெரிய கடையில் 750, அரிசியில் 290, ரேஷன் பருப்பில் 100, பட்டியலுக்கு வெளியே வாங்குவதைக் குறைத்ததில் 700) மாதம் 1,800 ரூபாய் அளவுக்கு மிஞ்சும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது கடைகள் அல்ல, கார்டில் ஓடும் அந்த 38,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டினால் அபராதம் வராது, வட்டி வரும். மாதம் 3.5% என்று வைத்தால் 1,330 ரூபாய். வட்டி மீது 18% ஜிஎஸ்டி 239. மொத்தம் 1,569 ரூபாய். இரண்டு கடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, ஒரு பொருளும் வாங்காமல், மாதாமாதம் போகிறது. கேஷ்பேக்காக வருவது 170, 180 ரூபாய்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பழைய பாக்கி முழுதாக அடையாத வரை, புதிதாக வாங்கும் பொருட்களுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் உப்புக்கும் புளிக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. 9 சதவீதம் மலிவாக வாங்கி, அதை மாதம் மூன்றரை சதவீத வட்டிக் கணக்கில் ஏற்றுகிறீர்கள். குழுவின் எந்தக் கட்சியும் இதைப் பேசுவதில்லை, ஏனென்றால் பில்லில் இது தெரியாது. கார்டு ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும்.

எனவே முதல் வேலை, மளிகைக்குக் கார்டு தேய்ப்பதை நிறுத்துங்கள். யுபிஐ-யிலோ ரொக்கமாகவோ கொடுங்கள். இரண்டாவது, எஃப்டி. ஆண்டுக்கு 42% வட்டி கட்டிக்கொண்டு 7% சம்பாதிக்கும் டெபாசிட்டைப் பொத்திப் பொத்தி வைப்பதில் பொருளில்லை. உடைக்க மனம் வராவிட்டால் அதன் மீது ஓவர்டிராஃப்ட், அதாவது டெபாசிட்டை ஈடாக வைத்து எடுக்கும் கடன், கேளுங்கள். டெபாசிட் வட்டியை விட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும், 38,000 சுலபமாகக் கிடைக்கும். அதை வைத்துக் கார்டு பாக்கியை ஒரே அடியில் அடைத்துவிடுங்கள். நின்றுபோன கார்டு வட்டி 1,569, மளிகையில் மிஞ்சும் 1,800, இரண்டையும் சேர்த்து மாதம் 3,300 போல ஓவர்டிராஃப்ட் கணக்கில் போட்டு வந்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். எஃப்டியும் அப்படியே இருக்கும்.

முடிந்த பிறகு அந்தப் பணத்தில் 3,000 ரூபாயை அஞ்சலக ஆர்டியில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு), சம்பளம் வந்த மறுநாளே போகும்படி வையுங்கள். 6.7% வட்டியில் கணக்கிட்டால் ஐந்து வருடத்தில் 2.14 லட்சம் ரூபாய் வரும். மிஞ்சியதைக் கடைசியில் போடலாம் என்று விட்டால் அது மறுபடி ஜாம் பாட்டிலாகத்தான் வந்து நிற்கும்.

கார்டை அடைத்த அடுத்த மாதமும் ஸ்டேட்மென்ட்டில் சில நூறு ரூபாய் வட்டி வரலாம். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. வங்கியோடு சண்டைக்குப் போகாமல் அதையும் முழுதாகக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்ற வரியே இருக்கக் கூடாது. இருந்தால் அப்போது வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்.