குளிர்காலத்தில் பைக் ஓட்ட மெல்லிசான காற்றுத்தடுப்பு உடை போதுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

போதும் தம்பி, தாராளமாகப் போதும். விடியற்காலையில் மலை ஏற வேண்டும், பத்து மணிக்கு வெயில் வந்ததும் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், கனமான ஜாக்கெட் வாங்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் நிலைமையும் அப்படியே என்பதால் பதில் எழுதுகிறேன்.

நான் இருப்பது பர்மாவில், மாண்டலேயில். பூ வியாபாரம். கார்த்திகைக் கடைசியில் தொடங்கி தை முடியும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் காலை நாலரை மணிக்கு வண்டியை எடுத்து மேமியோ போய்ப் பூ வாங்கி வருகிறேன். பியின் ஊ லுவின் என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் மேமியோதான். மார்கழி மாதம் பூஜைக்குப் பூ கேட்பவர்கள் அதிகம், மார்கழியில்தான் குளிரும் அதிகம். வண்டி 125 சிசி. தூரம் 67 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் மாண்டலே கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூடக் கிடையாது, மேமியோ ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி இறங்கிவிடும். கீழே 15 டிகிரி என்றால் மேலே எட்டு, ஒன்பது. (ரங்கூன்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் தடை.)

ஆரம்பத்தில் நானும் தடிமனைத்தான் நம்பினேன். மேமியோ கம்பளி ஸ்வெட்டருக்குப் பேர்போன ஊர். அங்கேயே நல்ல கனமான கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, அதன்மேல் இன்னொன்றும் போட்டுக்கொண்டு கிளம்புவேன். வண்டி நிற்கும்போது வேர்க்கும், ஓடும்போது நடுங்கும். ஒரு மார்கழிக் காலை, மலைப்பாதையில் இருபத்தோராம் மைல் டீக்கடையில் நிறுத்தினேன். ஹெல்மெட் வாரை அவிழ்க்க விரல் மடங்கவில்லை. கடைக்கார அம்மா பார்த்துவிட்டு, கிட்ட வந்து தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, வென்னீர் டம்ளரை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். சூடு தெரியவே சிறிது நேரம் ஆனது. அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் வளைவுகளில் பிரேக் பிடித்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. குளிரை வெறும் சங்கடமாக நினைக்காதீர்கள். விறைத்த கைக்குப் பிரேக் பிடிக்கும் வேகம் குறைந்துவிடும்.

தப்பு எங்கே என்றால், கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று பின்னலுக்குள் புகுந்து அந்தக் காற்றை அள்ளிக்கொண்டு போய்விடும். பத்து டிகிரிக் குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது ஐந்து டிகிரி மாதிரி இருக்கும். ஐந்து டிகிரியில் 100 வேகம் என்றால் மைனஸ் மூன்று, நான்கு. இன்னொரு ஸ்வெட்டரை மேலே ஏற்றினாலும் காற்றுக்கு அது இன்னொரு ஜல்லடைதான். அதே பழைய ஸ்வெட்டர்மேல் காற்றுப் புகாத மெல்லிய துணி ஒன்று மூடினால், உள்ளே நிற்கும் காற்று நின்றபடியே இருக்கும். அந்தத் துணி நூறு கிராம் எடைகூட இருக்க வேண்டியதில்லை. சைக்கிள் பந்தயக்காரர்கள் மலை உச்சியிலிருந்து இறங்கும் முன் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது இதற்காகத்தான். நானும் செய்து பார்த்திருக்கிறேன், நெஞ்சில் இரண்டு தாள் இருந்தாலே வித்தியாசம் தெரிகிறது. அவசரத்துக்கு நீங்களும் செய்யலாம்.

கடையில் எப்படிப் பார்ப்பது? லேபிளை அப்புறம் படியுங்கள். முதலில் துணியை ஒற்றை மடிப்பாக எடுத்து வாயோடு ஒட்டி வைத்து, பலமாக ஊதுங்கள். மறுபக்கம் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். கையில் காற்று பட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கன்னம் உப்பி மூச்சு திரும்பி வந்தால் அது நல்ல துணி. இங்கே ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டையில் வரும் பழைய துணிக் கடைகளில் நான் இப்படித்தான் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து எடுத்தேன். ஓட்டக்காரர்கள் போடும் நெருக்கமாக நெய்த நைலான் சட்டை ஒன்று கிடைத்தது. சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கும். ஐந்து வருடமாக அதுதான் ஓடுகிறது.

ஊதிப் பார்க்கும் சோதனையில் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் ஜெயித்துவிடும், அதனால் ஒரு எச்சரிக்கை. காற்று போகாது, வேர்வை ஆவியும் போகாது. ஒரு மணி நேரத்தில் உள்ளே நசநசவென்று நனைந்துவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த உடம்போடு மலை இறங்குவது மழைக்கோட்டே இல்லாமல் போவதற்குச் சமம். நெருக்கமாக நெய்த நைலானோ பாலியஸ்டரோ ஆவியைக் கொஞ்சம் விடும். கோர்-டெக்ஸ், வின்ட்ஸ்டாப்பர் போன்ற படலம் வைத்த துணிகள் காற்றை நன்றாகத் தடுத்து ஆவியையும் விடும், விலைதான் அதிகம். தினமும் ஓட்டுகிறவர் என்றால் வாங்குங்கள், வாரம் இரண்டு நாளுக்கு நைலானே போதும் என்பது என் அபிப்பிராயம். இதே காரணத்துக்காக உடம்போடு ஒட்டும் முதல் சட்டை பருத்தியாக வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெல்லிய கம்பளி, இல்லை விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் நல்லது.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். தொளதொள என்று இருந்தால் படபடவென்று அடித்துக்கொண்டே வரும், ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியே போகும். போட்டுப் பார்க்கும்போது கடையிலேயே வண்டியில் உட்காருவதுபோல் முன்னால் குனிந்து கையை நீட்டுங்கள். மணிக்கட்டு தெரியக்கூடாது, முதுகுப்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. கைமுனையில் எலாஸ்டிக் வேண்டும். கழுத்து தாடை வரை மூட வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் உட்பக்கமாக ஒரு துணிப்பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பின் பற்களுக்கு நடுவே நுழையும் காற்று நெஞ்சுக்குழியில் கோடு போட்டதுபோல் குளிரும். என் சட்டையில் அந்தப் பட்டை இல்லாததால் வீட்டில் ஒரு முழ நீளத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள், அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

வெளியே போடுவதா, உள்ளே போடுவதா என்றால், உள்ளே. ஸ்வெட்டருக்கு மேல், வண்டி ஜாக்கெட்டுக்குக் கீழ். ஜாக்கெட் அழுத்திப் பிடிப்பதால் படபடக்காது. அதைவிட முக்கியமான காரணம், மெல்லிய நைலான் விழுந்தால் தாங்காது. தார் ரோட்டில் உரசும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது என் நைலான் கால்சட்டை சைலன்சரில் ஒரு நொடி பட்டது, ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை, விளிம்பு கண்ணாடி மாதிரி கருத்து இறுகிவிட்டது. ஒரு நொடிக்கே அப்படி. அதனால் மேலே முழங்கை, தோள்பட்டைக்குக் காப்பு வைத்த ஜாக்கெட் கட்டாயம் இருக்கட்டும். வெயிலுக்கு ஏற்ற வலைத்துணி ஜாக்கெட்டே போதும், இந்த மெல்லிசு உள்ளே இருந்தால் அதுவே குளிர்கால ஜாக்கெட் ஆகிவிடும், பகலில் திரும்பவும் வெயில்கால ஜாக்கெட்.

கால்களை மறக்காதீர்கள். இங்கே கைலி கட்டிக்கொண்டே மலை ஏறுகிறவர்கள் நிறைய, முழங்கால் வலி என்று சொல்கிறவர்களும் அவர்களேதான். முழங்கால் நேராகக் காற்றை வாங்கும் இடம். கால்சட்டைக்குள் மெல்லிய காற்றுத்தடுப்புக் கால்சட்டை ஒன்று போடுங்கள். கழுத்துக்குச் சுற்றும் துணிக்குழாய் ஒன்று. கைக்குக் கையுறை, அதற்குள் மெல்லிய ரப்பர் கையுறை போட்டால் இன்னும் தாங்கும், வேர்வை கட்டும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் கை விறைக்கிறதே என்று கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உள்ளே வைத்துக்கொள்ளும். நெஞ்சை மூடிய பிறகு எனக்கு அதே பழைய கையுறையே போதுமானதாகிவிட்டது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாண்டலேயில் மாசிக்கே வெயில் ஏறத் தொடங்கிவிடும், அப்போது துவைத்து எடுத்து வைத்துவிடுவேன். லேசான சோப்புத் தண்ணீர் போதும். துணியை மிருதுவாக்கும் திரவம் மட்டும் ஊற்ற வேண்டாம், தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு கெட்டுப்போகும். நிழலில் காயவிடுங்கள்.