அழற்சியை, அதாவது உடலுக்குள் வீக்கத்தை, தூண்டும் உணவால் பெண்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருமா?

வாய்ப்பு கூடும், ஆனால் சாப்பிட்ட எல்லோருக்கும் வந்துவிடாது. அமெரிக்காவில் செவிலியர்களையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் 26 ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறிகளை ஏற்றும் உணவுகளை அதிகம் உண்ட பெண்களுக்கு, குறைவாக உண்டவர்களைவிட ஆபத்து 22 சதவீதம் கூடுதல். ஆண்களுக்கு 44. பெண்களில் ஒல்லியாக இருப்பவர்களிடமே இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. அதனால் "எனக்குத்தான் தொப்பை இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

குறைக்க வேண்டியவை சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, மைதா, சர்க்கரை சேர்த்த குளிர்பானம். கீரை, காபி, தேநீர் எல்லாம் எதிர்ப்பக்கம்: அழற்சிக் குறிகள் குறைவதோடு தொடர்புள்ளவை.

இன்னொன்று: மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி, கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) தேவையா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.