முதலில் மண், அப்புறம் டயர்

மண் தடத்தில் கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டியை ஓட்டுவது பற்றி நம் தென்னாப்பிரிக்க ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாருமே டயரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், பதில்களில் பாதி மண்ணைப் பற்றி இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

ஐயா, டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்பு எடுத்துவிட்ட நிலம் ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. சுற்று 200 மீட்டர், அகலம் 8 மீட்டர் என்று ஓவல் போட்டோம். சிவப்பு மண். காலையில் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் புழுதி எழும்பி முன்னால் போகிற வண்டியே தெரிவதில்லை. வளைவில் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறோம். மிருதுவான டயர் வாங்கினால் சரியாகுமா?
– நண்பர்கள் குழு, டோங்காட்

ஆகாது தம்பிகளா. டயருக்கு எடுத்து வைத்த காசை அப்படியே வையுங்கள்.

நம் கரையோரத்தில் இருக்கிற அந்தச் சிவப்பு மண் பழைய கடற்கரை மணல்மேடுகள் சிதைந்து உண்டானது, இரும்புச் சத்தால் சிவந்தது, பெரியா (Berea) செம்மணல் என்பார்கள். பார்க்க மண் மாதிரி இருந்தாலும் அதில் மணல்தான் அதிகம், களிமண் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது. ஈரம் இருக்கும்வரை துகள்கள் ஒட்டியிருக்கும், வெயில் ஏறியதும் பிரிந்து உருண்டு ஓடும். டயருக்குக் கீழே மண்ணே உருளும்போது ரப்பர் எவ்வளவு மிருதுவாக இருந்தால் என்ன? உருளும் மணல்மேல் மிருதுவான ரப்பர் இன்னும் சீக்கிரம் தேய்ந்து போகும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பாட்டில் சோதனை செய்யுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல், சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஒரு நாளுக்கு மேல் எடுத்து மெல்லப் படிவது களி. மேல் அடுக்கு மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காவது இருந்தால் தடத்துக்கு ஆகும். அவசரமாகப் பார்க்க வேண்டுமானால் ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பட்டையாகத் தள்ளுங்கள். பட்டை ஓரிரண்டு சென்டிமீட்டர் நீளும் முன்பே உதிர்ந்தால் களி போதாது.

போதாவிட்டால் கலக்கத்தான் வேண்டும். அடித்தளம் தோண்டுகிற கட்டட வேலை இடங்களில் களிமண் கேட்டுப் பாருங்கள், சில நேரம் எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள். ஆனால் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற கறுப்புக் களியைத் தனியாகப் பரப்பவே கூடாது. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். செம்மணலோடு கலந்தால் நல்ல கூட்டாளி. உங்கள் தடம் 1,600 சதுர மீட்டர், மேலே 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மாற்றுவதென்றால் 160 கன மீட்டர் மண், அதில் ஐந்தில் ஒரு பங்கு களி சேர்த்தால் 32 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் டிப்பரில் ஐந்தாறு லோடு. காசு முட்டினால் வளைவுகளை மட்டும் முதலில் செய்யுங்கள், நேர் ஓட்டம் பிறகு பார்க்கலாம். கரும்புக்காரரிடம் டிராக்டரும் வட்டுக் கலப்பையும் இருக்கும், கலக்குவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அடுத்தது தண்ணீர், இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பந்தயத்தன்று காலையில் வந்து குழாயைப் பிடித்தால் மேலே சேறு, ஒரு விரல் ஆழத்தில் புழுதி. வண்டி அந்தச் சேற்றை வழித்து வெளியே தள்ளிவிட்டால் மறுபடி புழுதிதான். முந்தின நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, மேல் மண்ணை ஐந்தாறு சென்டிமீட்டர் கீறிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை விடுங்கள். ஒரு தடவை விட்டது உறிஞ்சின பிறகுதான் அடுத்தது. 1 சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் 1 லிட்டர், ஆகவே உங்கள் தடத்துக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 8,000 லிட்டர். ஒரு 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் பத்தாது என்பது இப்போதே தெரிந்தால் நல்லது. நகராட்சிக் குழாய்த் தண்ணீரை இதற்குத் தொடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி உங்கள் ஊரே மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றதை யாரும் மறக்கவில்லை, குடிநீரை மண்ணில் கொட்டினால் ஊர் உங்கள் பக்கம் நிற்காது. தோட்டத்து அணை, போர்வெல், சேமித்த மழைத் தண்ணீர், இவைதான் சரி, அதுவும் கேட்டுவிட்டு.

இரவு முழுக்க ஊறினபின் காலையில் மண்ணைக் கையில் எடுத்து இறுக்கிப் பாருங்கள். ரொட்டி மாவு போல உருண்டை நிற்க வேண்டும், கையில் பிசுபிசுக்கக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் விடுங்கள். ரோலர் இல்லையா, பக்கி (பிக்கப்) வண்டி இரண்டை மெதுவாகச் சுற்றவிடுங்கள், ஒரே தடத்தில் இல்லாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டயர் அகலம் தள்ளித் தள்ளி. ரோலருக்கு முன்னால் மண் அலைபோல் நெளிந்தால் ஈரம் அதிகம், நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காயவிடுங்கள். குதிகாலால் அழுத்தினால் லேசாகப் பதிந்து, செருப்பில் ஒட்டாமல் வந்தால் தடம் தயார். வளைவுகளுக்கு உட்பக்கமாகச் சரிவு கொடுக்க மறக்காதீர்கள். வண்டியைத் தாங்கும், மழைத் தண்ணீரும் நடு மைதானத்துக்கு வழிந்துவிடும். அந்த நடு மைதானத்திலிருந்து வெளியேற ஒரு வாய்க்காலும் வேண்டும்.

ஓட்டங்களுக்கு நடுவில் பூவாளி போல மெல்லிய தெளிப்பு போதும். தெளித்ததும் பந்தய வேகத்தில் விடாமல் சில சுற்று மெதுவாக ஓடி அழுத்தச் சொல்லுங்கள்.

சரி ஐயா, தடம் எங்களுக்கு நன்றாகவே இருக்கிறது. டயர் எது? மிருது, கெட்டி, வரி போட்டது, வழுவழுப்பானது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு செட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
– வெருலம் வாசகர்

ஒரே நாளில் தடம் மூன்று முறை முகம் மாற்றும், அதனால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவரவர் ஓடின நேரத்துக்கு அவரவர் சொல்வது சரி.

காலையில் ஈரமும் ஒட்டும் தன்மையும் இருக்கும்போது மண்ணே பிடிப்பைத் தந்துவிடுகிறது. இப்போது மிருதுவான டயர் போட்டால் பிடிப்பு அளவுக்கு மீறி வண்டி கட்டிப்போட்டது மாதிரி ஆகும், வளைவில் இன்ஜின் இழுக்காமல் திணறும், சின்ன வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கவிழவும் பார்க்கும். கெட்டியான டயர், கொஞ்சம் கூடுதல் காற்று. மேல் மண் இளகிச் சேறாக இருந்தால் மட்டும் வரி வெட்டின டயர், அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் போய்த் தொடும். நடுப்பகலில் வண்டி ஓடின பாதை இறுகி, ரப்பர் பூசிக் கருத்து மினுங்கும். அந்தக் கரும்பாதையில் வழுவழுப்பான டயர் அருமையாக வேலை செய்யும், ஆனால் அதைவிட்டு ஒரு அடி வெளியே போனால் உதிரி மண். பிற்பகலில் காய்ந்து கெட்டியாகி வழுக்கும்போதுதான் மிருதுவான ரப்பருக்கும் குறைந்த காற்றுக்கும் உண்மையான வேலை. மேற்பரப்பில் பிளேடால் மெல்லிய கீறல்கள் போட்டால் ரப்பர் சூடாகி இன்னும் கொஞ்சம் கடிக்கும்.

இரண்டு செட்தான் வாங்க முடியும் என்றால் நடுத்தரம் ஒன்று, மிருது ஒன்று. ஒன்றுதான் முடியும் என்றால் நடுத்தரம், மீதியைக் காற்றழுத்தத்தில் சரிக்கட்டுங்கள். பழைய டயர் வாங்கும்போது வரியின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், கெட்டித்தன்மை பார்க்கும் டியூரோமீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போங்கள். மண் தட கார்ட் டயர்களுக்குப் பெரும்பாலும் அந்த மீட்டர் நாற்பதுகளில் காட்டினால் மிருது, அறுபதை நெருங்கினால் கெட்டி. வெயிலில் கிடந்த டயர் அதிக மிருதுவாகக் காட்டும், ஆகவே ஒப்பிடும் டயர்கள் எல்லாவற்றையும் நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும். வாங்கின பிறகு கறுப்புப் பையில் சுற்றி வெளிச்சம் படாமல் வையுங்கள்.

காலை ஓட்டத்தில் வண்டி அழகாகத் திரும்புகிறது. மதியத்துக்கு மேல் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் முன்பக்கம் நேராக வெளியே தள்ளுகிறது. ஏன்?
– பீனிக்ஸ் இளைஞர்

கார்ட்டுக்குப் பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். உள் சக்கரம் தரையிலிருந்து லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். காலையில் பிடிப்பு இருப்பதால் எடை வெளியே சாய்ந்து உள் சக்கரம் தூக்குகிறது. மதியம் பிடிப்பு இல்லை, சாய்வு இல்லை, இரண்டு சக்கரமும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளுகின்றன. முன் சக்கரங்களைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துப் பாருங்கள், முன் காற்றையும் சற்றுக் குறையுங்கள். ஓவலில் மட்டும் ஓடுபவரானால் பின்னால் வெளிப்பக்க டயரின் சுற்றளவு உட்பக்கத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், வண்டி தானாகவே வளைவை நோக்கிப் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் தம்பி, மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

டர்பனில் டயருக்கு 0.55 பார் காற்றழுத்தம் வைத்துப் புறப்பட்டோம். ஜோஹன்னஸ்பர்க் போய் அளந்தால் 0.7க்கு மேல் காட்டுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

கேஜ் நன்றாகத்தான் இருக்கிறது. டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காட்டும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், அங்கே வெளிக் காற்றின் அழுத்தம் நம் கரையைவிட 0.18 பார் அளவுக்குக் குறைவு, அந்த வித்தியாசம் அப்படியே கேஜில் ஏறும். சாலை டயருக்கு இது பெரிதில்லை, அரை பாரில் ஓடும் கார்ட்டுக்கு இது மூன்றில் ஒரு பங்கு! போய்ச் சேர்ந்ததும் நிழலில் வைத்து மறுபடி சரிசெய்யுங்கள். அங்கே குளிர்காலம் எலும்பு வரைக்கும் வறட்சி என்பதால் தடமும் சீக்கிரம் காயும், இன்ஜினும் மெல்லிய காற்றில் சக்தி இழக்கும்.

ஐயா, என் மகன் கராஜில் டயருக்கு ஏதோ மருந்து தடவி வைக்கிறான். வாசனை வீடு முழுக்க வருகிறது, எனக்குத் தலைவலி. கேட்டால் எல்லாரும் செய்வதுதான் என்கிறான்.
– ஒரு தாய், லெனேசியா

அம்மா, உங்கள் தலைவலி சரியான எச்சரிக்கைதான். ரப்பரை மிருதுவாக்கும் அந்தத் திரவங்களில் பலவற்றில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். மூச்சிலும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், நரம்பைப் பாதிக்கும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்குத் தாங்காது. ஆவி காற்றைவிடக் கனமானது, கராஜ் தரையில் தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். இன்றைக்கே வீட்டுக்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மகனிடம் இதையும் சொல்லுங்கள்: பல போட்டிகளில் இது தடை, பிடிபட்டால் ஜெயித்ததும் போய்விடும். நல்ல ஈரமான தடமும் சரியான காற்றும் இருந்தால் இந்த மருந்துக்குத் தேவையே இல்லை.

புழுதிக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– ஸ்டாங்கர் வாசகர்

கூடவே கூடாது. மழையில் ஓடைக்குப் போகும், மண் கெட்டுப்போகும், அதன்மேல் பிடிப்பும் கிடைக்காது. கால்சியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நம் கரையோரப் புழுக்கத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் ஓட்டம் முடிந்ததும் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலும் புழுதி அடங்கும், ஆனால் ஒரு மழைக்குக் கரைந்துவிடும், ஈயும் மொய்க்கும். அதை வண்டி நிறுத்துமிடத்துக்கும் உள்ளே வரும் பாதைக்கும் வையுங்கள். பக்கத்து வீடுகளுக்குப் போகும் புழுதியில் பெரும்பகுதி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.