பிவட் வாத்தியார் பதில்கள்: ஏழடி இருந்தால் போதுமா?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து பர்டூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்து முடித்தான். வீடியோ காலில் படிப்பைப் பற்றிக் கேட்டால் ஸாக் ஈடி என்ற கூடைப்பந்து வீரரைப் பற்றித்தான் பேசுவான். கல்லூரி அளவில் நாட்டிலேயே சிறந்த வீரர் என்ற பரிசை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியவரைப் போய், 'என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) தேறுவாரா' என்று சந்தேகப்பட்டார்களாமே? அது என்ன நியாயம் சார்?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி)

பதில்: ஈடி என்று கேட்டதும் நம் ஊரில் சில பேர் பீரோவைப் பூட்டப் போவார்கள். இவர் அந்த ஈ.டி. இல்லை. கனடாவின் டொரண்டோக்காரர். 7 அடி 4 அங்குலம், 136 கிலோவுக்குப் பக்கத்தில். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிவிட்டு, பத்தாம் வகுப்பில்தான் கூடைப்பந்தைத் தொட்டவர்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2023ல் இதே பக்கத்தில், 'இந்தப் பையனை டிராஃப்டின் முதல் சுற்றில் எவரும் எடுக்க மாட்டார்கள்' என்று எழுதினேன். (டிராஃப்ட் என்பது என்.பி.ஏ. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி.) மதுரை வாசகர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வெட்டி வைத்திருந்து, போன மாதம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். வாழ்க.

ஆனால் அப்போது அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 2021ல் கல்லூரியின் சிறந்த வீரர் அயோவாவின் லூக்கா கார்ஸா. நெட்டையர். டிராஃப்டில் அவர் பெயர் 52வதாகத்தான் வந்தது. 2022ல் கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே. ஆட்டத்துக்குச் சராசரியாக 15 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்த மனிதர். அடுத்த வருஷ டிராஃப்டில் அவரை யாருமே கூப்பிடவில்லை. 2023ல் ஈடி. அவரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துப் பார்த்தார், கடைசி நாளான மே 31 அன்று வாபஸ் வாங்கிக்கொண்டு கல்லூரிக்கே திரும்பினார். அந்த வருஷம் முதல் ஆளாக எடுக்கப்பட்டது யார் தெரியுமா? கிட்டத்தட்ட அதே உயரமுள்ள பிரெஞ்சுக்காரர் விக்டர் வெம்பன்யாமா. ஒரே உயரத்தில் இரண்டு பேர். ஒருவருக்கு முதல் பந்தியில் தலைவாழை இலை, இன்னொருவருக்கு 'அடுத்த பந்திக்கு வாங்க'.

காரணம் இதுதான். கல்லூரி ஆட்டமும் என்.பி.ஏ. ஆட்டமும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், வளையத்தடியில் ஆடும் நெட்டையரான பிவட்டுக்கு அவை இரண்டு வேறு ஆட்டங்கள். (இப்போது எல்லோரும் 'சென்டர்' என்கிறார்கள். நாங்கள் ஆடிய காலத்தில் பிவட்தான், எனக்கு வாய் மாறாது.) வளையத்துக்குக் கீழே வண்ணம் அடித்த கட்டம் இருக்கிறதே, கல்லூரியில் அதன் அகலம் 12 அடி, என்.பி.ஏ.வில் 16 அடி. முதுகைக் கொடுத்துத் தள்ளி இடம் பிடிக்கிற பிவட் இரண்டு அடி வெளியே இருந்து தொடங்க வேண்டும். இரண்டு அடிதானே என்று தோன்றும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கும் ஃபுட்போர்டுக்கும் உள்ள தூரமும் அவ்வளவுதான்.

அடுத்தது தடுப்பு ஆட்டம். கல்லூரியில் நெட்டையர் வளையத்தடியில் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நின்றுகொண்டு, வருகிறவனையெல்லாம் மறிக்கலாம். என்.பி.ஏ.வில் 2001 முதல் அதற்கு ஒரு விதி. பக்கத்தில் ஓர் எதிராளியைக் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல், அந்தக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. மூன்று புள்ளிக் கோடும் (அதற்கு வெளியே இருந்து போட்டால் மூன்று புள்ளி) இன்னும் தள்ளி இருக்கிறது. கல்லூரியில் 22 அடி சொச்சம், அங்கே 23 அடி 9 அங்குலம். ஆக, நெட்டையரை வளையத்தடியிலிருந்து இழுத்து நடுவெளியில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் எதிரணியின் முழு நேர வேலை. ஒருவன் ஸ்க்ரீன் போடுவான் (தடுப்பவனின் வழியில் மரம் மாதிரி நின்று மறிப்பது), குட்டையான கார்டு (பந்தைக் கொண்டுபோகிற ஆள்) பந்தைத் தட்டிக்கொண்டு நேரே நெட்டையர் மேல் பாய்வான். அங்கே 136 கிலோவை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். கால் நகரவில்லையென்றால் உயரம் அலங்காரத்துக்குத்தான்.

இந்த வேதனை எனக்குத் தெரியும். கல்லூரி அணிக்கு ஆடியபோது ஒரு போட்டியில், எதிரணி பிவட் உள்ளே வரவே மாட்டேன் என்று 18 அடியில் நின்றுகொண்டான். கோச் வெளியிலிருந்து 'போடா, வெளியே போடா' என்று கத்துகிறார். நான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் என்னைத் தாண்டி லே-அப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். சிமென்ட் தரை, கேன்வாஸ் ஷூ. திரும்பிய வேகத்தில் என் ஷூவின் அடி மட்டும் தனியாகக் கழன்று நின்றது.

சரி, ஈடிக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டியில் பர்டூ, ஃபேர்லி டிக்கின்சன் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் 63-58 என்று தோற்றது. முதல் நிலை அணி ஒன்று 16ம் நிலை அணியிடம் தோற்பது ஆண்கள் போட்டி வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். அவர்களோ சராசரி உயரத்தில் நாட்டிலேயே குட்டையான அணி. எறும்பு யானைக் காதில் புகுந்த கதை. அந்த ஒரு ராத்திரியை வைத்துத்தான் நானும் அப்படி எழுதினேன்.

மனிதர் ஓடிப்போகவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் ஆட்டத்துக்கு 15 நிமிஷம் தாக்குப்பிடித்தவர், நான்காம் வருஷம் 32 நிமிஷம் ஆடினார். சராசரி 8.7 புள்ளியில் தொடங்கி 14.4, 22.3, 25.2 என்று ஏறியது. 2024ல் டென்னஸியோடு நடந்த ஆட்டத்தில் 40 புள்ளி, 16 ரீபவுண்ட். அதன் மூலம் பர்டூ 1980க்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. 1980ல் அந்த அணிக்கு பிவட் ஜோ பேரி கேரல், அவரும் ஏழடி. அந்த வருஷ டிராஃப்டில் முதல் ஆளே அவர்தான்! என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு போட்டே அப்போது ஒரு சீசன்தான் ஆகியிருந்தது. நெட்டையருக்குப் பொற்காலம். ஈடி நாற்பது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

2024 இறுதி ஆட்டத்தை நம் நேரப்படி காலை ஏழு மணிக்கு முன்பே காபியும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் கேள்விக்கான மொத்த விடையும் அந்த ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணி ஈடியை இரண்டு பேர் வைத்து மறிக்கவில்லை. டொனவன் கிளிங்கன் என்ற 7 அடி 2 அங்குலப் பையனைப் பெரும்பாலும் தனியாக அவர்மேல் விட்டுவிட்டு, மற்ற நான்கு பேரும் பர்டூவின் மூன்று புள்ளிக்காரர்களோடு நிழலாக ஒட்டிக்கொண்டார்கள். ஈடி 37 புள்ளி அடித்தார். பர்டூ மொத்த ஆட்டத்திலும் மூன்று புள்ளிக்கு எறிந்ததே ஏழு முறை, விழுந்தது ஒன்று. 75-60, தோல்வி. இரண்டு மாதம் கழித்து டிராஃப்ட். சராசரி 13 புள்ளி எடுத்த கிளிங்கனை போர்ட்லண்ட் 7வதாக எடுத்தது. 25 புள்ளி எடுத்த ஈடியை மெம்பிஸ் 9வதாக எடுத்தது. என் மனைவிக்கு இது இன்றுவரை ஆறவில்லை. 'நிறைய மார்க் வாங்கினவனைப் பின்னாடி தள்ளிட்டாங்களே' என்கிறாள். ஆனால் கிளிங்கனுக்கு வயது 20, ஈடிக்கு 22. கிளிங்கன் வளையத்தடியில் எதிராளியின் எறிதலைத் தடுப்பதையே தொழிலாக வைத்திருந்தான், பந்து கையில் வராவிட்டாலும் அவனால் அணிக்குப் பிரயோஜனம் உண்டு. கல்லூரியில் பந்தெல்லாம் ஈடியிடம்தான் போகும். என்.பி.ஏ.வில் போகாது, அங்கே பந்து கார்டுகளின் சொத்து. பந்தில்லாத நேரத்தில் இவர் என்ன செய்வார் என்பதுதான் சந்தேகமே தவிர, அவர் திறமைமேல் எவருக்கும் சந்தேகமில்லை.

9வதாகவாவது எப்படி வந்தார்? மெம்பிஸ் அணி அந்த பிப்ரவரியில்தான் தன் முரட்டு பிவட் ஸ்டீவன் ஆடம்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்திருந்தது. ஜா மொரான்ட் என்ற மின்னல் கார்டுக்கு ஸ்க்ரீன் போடவும், ரீபவுண்ட் பிடிக்கவும் கனமான ஆள் தேவை. காலியான அந்த நாற்காலியின் அளவும் ஈடியின் அளவும் பொருந்தின. முதல் சீசனில் சராசரி 9.2 புள்ளி, 8.3 ரீபவுண்ட், புதுமுகங்களின் முதல் ஐவரில் இடம். கல்லூரியில் 25 எடுத்தவர் இங்கே அந்த சீசனில் 9 எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். மதுரை வாசகருக்கு இத்துடன் என் மன்னிப்பும் சேர்த்து.

கேள்வி: மூன்று புள்ளி எறியத் தெரியாத பிவட்டுக்கு இனி வேலையே இல்லையா சார்? நான் 6 அடி 7 அங்குலம், கோச் தினமும் எறிந்து பழகச் சொல்லி உயிரை எடுக்கிறார்.
(பொறியியல் மாணவர், கோவை)

பதில்: கோச் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. புரூக் லோபஸ் என்ற ஏழடிக்காரர் முதல் எட்டு சீசனில் மூன்று புள்ளிக்கு எறிந்ததே 31 தடவை, விழுந்தது மூன்று. ஒன்பதாவது சீசனில் மட்டும் 387 தடவை எறிந்தார்! அதனால் அவர் தொழில் ஆயுள் நீண்டது. மறுபக்கம் ரூடி கோபேர். தூரத்திலிருந்து எறிவதே இல்லை, ஆனால் சிறந்த தடுப்பாளர் பரிசு நான்கு முறை. அவரை எடுத்ததும் 27வது ஆளாகத்தான். ஒன்று தூரத்திலிருந்து போடுங்கள், அல்லது எவனையும் போட விடாதீர்கள். இரண்டும் வராதென்றால் காலேஜ் பிளேஸ்மென்ட் செல்லில் ஒரு பெயர் கொடுத்து வையுங்கள், தப்பில்லை.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, 6 அடி 5 அங்குலம். அமெரிக்கக் கல்லூரியில் சேர்த்தால் என்.பி.ஏ. நிச்சயம் என்று ஒருவர் பல லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
(ஒரு தாய், நாமக்கல்)

பதில்: வைக்காதீர்கள் அம்மா. நிச்சயம் என்ற சொல்லைச் சொன்ன இடத்திலேயே அவரை எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே முதல் பிரிவில் மட்டும் 350 கல்லூரிகளுக்கு மேல். கல்லூரிக்கு மூன்று நெட்டையர் என்று நான் குத்துமதிப்பாகப் போட்டாலே ஆயிரம் பேர் தாண்டும். டிராஃப்டில் மொத்தம் 60 இடம், 2024ல் 58தான். அதிலும் முதல் இரண்டு பேர் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள், அமெரிக்கக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள். 30 அணி, அணிக்கு 15 பேர். அதற்கு வெளியே மூன்று மூன்று 'டூ-வே' இடங்கள் (என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தம்), அவற்றுக்குச் சம்பளம் புதுமுகத்தின் குறைந்தபட்சத்தில் பாதி. நான் முன்னே சொன்ன ஷீப்வே அந்த இடத்தில்தான் நுழைந்தார்.

உயரம் மட்டும் போதுமென்றால் செனகலின் டாக்கோ ஃபால் கதையைக் கேளுங்கள். வெறுங்காலில் 7 அடி 5 அங்குலம். கையைத் தூக்கி நின்றால், குதிக்காமலே, 10 அடி வளையத்துக்கு மேலே விரல் போகும். 2019 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. நம் பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015ல் டல்லாஸ் 52வதாக எடுத்தது, டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். ஈடி படித்த அதே ஃப்ளோரிடா ஐ.எம்.ஜி. அகாடமியில் பயிற்சி பெற்றவர். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. டொரண்டோவின் பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் சிம் புல்லர், அவரும் 7 அடி 5, கல்லூரியில் ஆடிவிட்டு வந்து சாக்ரமென்டோவுக்காக ஆடியது மூன்று ஆட்டம்.

இன்னொன்று. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று அங்கே விதி மாறிவிட்டது. அந்த லட்சங்களையும் உங்களிடம் வந்தவர் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். வெளிநாட்டு மாணவர் போவது எஃப்-1 விசாவில். அந்த விசாவில் என்ன வேலை செய்யலாம், எது கூடாது என்று உங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் விசாரிக்கலாம். ஈடிக்கே இந்தச் சிக்கல் இருந்தது, அத்தனை புகழுக்கும் மற்ற நட்சத்திரங்கள் போல அவரால் விளம்பரக் காசு பார்க்க முடியவில்லை.

பையன் ஆடட்டும். தினமும் ஸ்கிப்பிங் ஆயிரம், பக்கவாட்டு ஓட்டம். நகை பீரோவில் இருக்கட்டும்.

கேள்வி: வாத்தியாரே, உங்களை யாராவது டிராஃப்ட் செய்ததுண்டா?
(குறும்புக்கார வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கிட்டத்தட்ட. சிகாகோவில் ஒவ்வொரு மே மாதமும் டிராஃப்டுக்கு வருகிறவர்களை ஷூவைக் கழற்றச் சொல்லி, பெண் வீட்டார் மாப்பிள்ளையை அளப்பதுபோல் அளப்பார்கள். 1977ல் எனக்கும் அது நடந்தது. ஓர் அலுவலக அணியில் பிவட்டுக்கு ஆள் தேவை, வேலையும் உண்டு என்றார்கள். விண்ணப்பத்தில் 6 அடி 3 என்று எழுதியிருந்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து அழுத்தினார் ஒருவர். 6 அடி ஒன்றரை அங்குலம். 'தம்பி, மிச்சம் ஒன்றரை அங்குலம் எங்கே?' என்று கேட்டார். வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவைக் காட்டினேன்.

அடுத்த மாதமே உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பில் சேர்ந்துவிட்டேன்.