ரோரி கேலஹர் பின்னாடி வாசிச்சவங்க: கேட்டதும் சொன்னதும்

ரோரி கேலஹர்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் அந்தப் பெயின்ட் உரிஞ்ச 1961 ஸ்ட்ராட் கிட்டாரப் பத்தித்தான் ஆரம்பிக்கிறாங்க, பின்னாடி நின்னு வாசிச்ச ஆளுங்களப் பத்தி வாயே தொறக்கறதில்ல, அதான் இந்தத் தடவ அவங்களப் பத்தி மட்டும் கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ரோரி யாருன்னே தெரியாதவங்களுக்கு: 1948ல அயர்லாந்துல பாலிஷானன்ல பொறந்து கார்க் ஊர்ல வளர்ந்தவரு, ப்ளூஸ் ராக் கிட்டார், பாட்டும் அவரே, 1995ல 47 வயசுல லண்டன்ல போயிட்டாரு. அவ்ளோதான் அவரப் பத்தி, இனி மத்தவங்க.

புதுக்காது: அண்ணே, யார் யாரு எப்ப வாசிச்சாங்கன்னு மொதல்ல ஒரு வரிசையா சொல்லிருங்க, ஒரே குழப்பமா இருக்கு.

சுருக்கமா சொல்றேன். 1966ல கார்க்ல டேஸ்ட்னு மூணு பேர் பேண்ட், மொதல்ல பேஸ் கிட்டார் எரிக் கிட்டரிங்ஹாம், ட்ரம்ஸ் நார்மன் டேமரி. 1968ல அவங்க ரெண்டு பேரும் மாறி ரிச்சர்ட் மெக்ராக்கன், ஜான் வில்சன் வந்தாங்க, ஆல்பத்துல கேக்குற டேஸ்ட் இதுதான். 1971ல சொந்தப் பேர்ல ஆரம்பிச்சப்ப ஜெர்ரி மெக்அவாய் பேஸ், வில்கர் கேம்பெல் ட்ரம்ஸ். 1972ல வில்கர் போயி ராட் டி ஆத், கூடவே கீபோர்டுக்கு லூ மார்ட்டின். 1978ல அவங்க ரெண்டு பேரும் போயி டெட் மெக்கென்னா, மறுபடி மூணு பேர். 1981ல டெட் போயி பிரெண்டன் ஓ நீல். எண்பதுகள்ல மவுத் ஆர்கனுக்கு மார்க் ஃபெல்தம் சேர்ந்தாரு. 1991ல ஜெர்ரியும் பிரெண்டனும் கெளம்ப, கடைசி செட்டுல டேவிட் லெவி பேஸ், ரிச்சர்ட் நியூமன் ட்ரம்ஸ். நல்லா பாத்தீங்கன்னா 1971லருந்து 1991 வரைக்கும் மாறாத பேரு ஒண்ணே ஒண்ணுதான், ஜெர்ரி.

வினைல்பித்து: டேஸ்ட் அவ்ளோ நல்லா போயிட்டிருக்கும்போது ஏன் சார் உடைஞ்சுது?

காசும் மேனேஜரும், வேற என்ன. 1968 நவம்பர்ல க்ரீம் பேண்டோட கடைசிக் கச்சேரிக்கு ராயல் ஆல்பர்ட் ஹால்ல முன்னாடி வாசிச்சவங்க, 1969ல பிளைண்ட் ஃபெய்த் பேண்ட் கூட அமெரிக்கா போனவங்க, 1970 ஆகஸ்ட்ல ஐல் ஆஃப் வைட் இசை விழால கூட்டம் மேடைய விட்டு எறங்கவே விடல, ஆனா அப்பவே உள்ளுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாத அளவுக்குப் போயிருச்சு. 1970 டிசம்பர் 31 பெல்ஃபாஸ்ட்ல கடைசிக் கச்சேரி. ஜான் வில்சன் சாதாரண ஆளு இல்லங்க, அதுக்கு முன்னாடி வான் மாரிசனோட தெம் பேண்ட்ல வாசிச்சவரு, கை ஜாஸ் பக்கம் போகும். ஆன் த போர்ட்ஸ் ஆல்பம் டைட்டில் பாட்டுல ரோரி சாக்ஸஃபோன் எடுத்து ஊதறாரு, பின்னாடி ட்ரம்ஸ் எவ்ளோ எடம் விட்டு வாசிக்குதுன்னு கேளுங்க, ராக் ட்ரம்மர் அப்படி விட மாட்டான். அப்புறம் ரோரி பேண்டுக்குன்னு தனிப் பேரே வைக்கல, சாகுற வரைக்கும் போஸ்டர்ல ரோரி கேலஹர் மட்டும்தான். ஒரு தடவ சூடு பட்டது போதும்னு நெனச்சிருப்பாருன்னு என் கணக்கு.

ஹெண்ட்ரிக்ஸ் அடிமை: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பேண்ட் ஆளுங்க, பேஸ் நோயல் ரெடிங், ட்ரம்மர் மிட்ச் மிட்செல் ரோரி கூட வாசிச்சாங்கன்னு சொல்றாங்களே, ரீலா?

ரீல் இல்ல. டேஸ்ட் உடைஞ்ச கையோட அவங்க ரெண்டு பேர் கூடவும் ரோரி ரிகர்சல் பண்ணிப் பாத்தாரு. ஆனா கடைசில எடுத்தது பெல்ஃபாஸ்ட்ல டீப் ஜாய்னு ஒரு பேண்ட்ல இருந்த ரெண்டு பசங்கள, ஜெர்ரியும் வில்கரும். ஜெர்ரிக்கு அப்ப வயசு 19. உலகமே தெரிஞ்ச பேர விட்டுட்டு யாருக்கும் தெரியாத பசங்கள எடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச முடிவு, ஏன்னா மிட்ச் வந்திருந்தா அவரு ஒரு பக்கம் ரோல் அடிச்சிட்டு போயிட்டே இருப்பாரு, ரோரி ஒரு பக்கம், பாட்டு நடுவுல அனாதையா நிக்கும்.

நாலுகம்பி: நானும் பேஸ் வாசிக்கிறவன் ப்ரோ. ஜெர்ரி அப்படி என்னதான் பெருசா பண்ணிட்டாருன்னு 20 வருசம் வெச்சிருந்தாரு? கேட்டா சிம்பிளாத்தான் இருக்கு.

கேட்டா சிம்பிள், வாசிச்சுப் பாருங்க. ரோரி மேடைல செட் லிஸ்ட் போட்டு வாசிக்கிற ஆளே இல்ல, அடுத்து என்ன பாட்டுன்னு அவரு கிட்டார்ல ஆரம்பிக்கும்போதுதான் மத்தவங்களுக்கே தெரியும், நடுவுல நிறுத்துவாரு, நீட்டுவாரு, வேற பாட்டு ரெண்டு வரி உள்ள கொண்டு வருவாரு. மூணு பேர் பேண்ட்ல ரிதம் கிட்டார் கிடையாது, ரோரி சோலோவுக்குப் போன நிமிசம் கீழ இருக்கறது பேஸ் மட்டும்தான். டட்டூ ஆல்பத்துல எ மில்லியன் மைல்ஸ் அவேன்னு ஒரு பாட்டு இருக்கு, ஐரிஷ் டூர் '74 லைவ் ஆல்பத்துல இருக்கற அதோட வெர்ஷன எடுத்து ஹெட்ஃபோன்ல கேளுங்க. நடுவுல ரோரி சத்தத்த அப்படியே கீழ எறக்கிக்கிட்டே போவாரு, ட்ரம்ஸ் ஒதுங்கிரும், அந்த எடத்துல பேஸ் அதே வரிய திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு நிக்கும், ஒரு நோட் கூடுதலா போட மாட்டாரு ஜெர்ரி. அங்க எடத்த நெரப்ப ஒரு சின்ன ஃபில் வாசிச்சிருந்தா காலி. கை அரிக்கும்ல நமக்கெல்லாம், அத அடக்குறதுதான் வேல.

ஃபிளைட்மோட்: வில்கர் பிளேன் பயத்துல வேலைய விட்டாராமே, உண்மையா?

ஆமா. வருசம் முழுக்க ஊர் ஊரா பறக்குற பேண்ட்ல பறக்கப் பயந்தா என்ன பண்றது. மொதல்ல சில கச்சேரிக்கு மட்டும் பதிலா ராட் டி ஆத் வந்தாரு, வேல்ஸ்காரரு, கில்லிங் ஃப்ளோர்னு ஒரு ப்ளூஸ் பேண்ட்ல இருந்தவரு, அப்புறம் அவரே நெரந்தரம் ஆயிட்டாரு. வில்கரக் கேக்கணும்னா 1972ல வந்த லைவ் இன் யூரோப், ரோரிக்கு இங்கிலாந்துல டாப் டென் வாங்கிக் குடுத்த ஆல்பம் அது.

மூணேபோதும்: என் கருத்த சொல்லிடறேன் தலைவா, கீபோர்ட் சேத்ததுலதான் ரோரி கெட்டாரு. கிட்டாருக்கு நடுவுல பியானோ எதுக்கு?

உங்க கருத்து உங்களுக்கு, நான் ஒத்துக்க மாட்டேன். லூ மார்ட்டினும் கில்லிங் ஃப்ளோர் ஆளுதான், பெல்ஃபாஸ்ட்ல பொறந்தவரு. ரோரிக்கு ப்ளூஸ் மட்டும் புடிக்கும்னு நெனச்சிட்டிருக்கீங்க, அவருக்கு ஜாஸ் மேல, ஃபோக் மேல எல்லாம் ஆசை, மூணு பேர வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போனா எலும்புதான் கேக்கும். 1976 காலிங் கார்ட் ஆல்பத்துல டைட்டில் பாட்டு இருக்கே, அந்த ஸ்விங் பியானோ இல்லாம அந்தப் பாட்ட யோசிச்சுப் பாருங்க, பாட்டே இல்ல. அது ம்யூனிக்ல ரெக்கார்ட் பண்ணுனது, டீப் பர்ப்பிள் பேஸ் ஆளு ரோஜர் குளோவர் ப்ரொட்யூஸ் பண்ணாரு, வெளி ஆள ப்ரொட்யூசரா உள்ள விடறது ரோரிக்கு அபூர்வம். அந்தக் காலத்து ஆல்பங்கள்ல நெறைய எடத்துல லூ இருக்காருன்னே தெரியாது, கிட்டார் நிறுத்துன மூச்சுல ரெண்டு கார்ட் விழும், அவ்ளோதான். 1978ல வெளிய போன மனுசன 1987ல டிஃபெண்டர் ஆல்பத்துல செவன் டேஸ் பாட்டுக்கு பியானோ வாசிக்கத் திரும்பக் கூப்பிட்டாருன்னா, ரோரிக்கே அந்த ஏக்கம் இருந்திருக்குதானே.

டபுள்பெடல்: ராட் டி ஆத்தா டெட் மெக்கென்னாவா? ஒரே ஆளச் சொல்லணும், மழுப்பக் கூடாது.

ராட். மழுப்பல, காரணம் சொல்றேன், கொஞ்சம் நீளம்.

ராட் வாசிக்கிறது மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி, லேசா ஆடிக்கிட்டே போகும் ஆனா தடம் மாறாது. டெட் ஸ்காட்லாந்துக்காரரு, சென்சேஷனல் அலெக்ஸ் ஹார்வி பேண்ட்ல இருந்து வந்தவரு, அடி ஒவ்வொண்ணும் நறுக்கு, பலமும் ஜாஸ்தி. ரெண்டுக்கும் வித்தியாசத்த காதாலயே அளக்க ஒரு வழி இருக்கு. 1977 கடைசில ரோரி பழைய பேண்டோட சான் ஃபிரான்சிஸ்கோ போயி எலியட் மேசர்ங்கிற ப்ரொட்யூசர வெச்சு ஒரு முழு ஆல்பம் முடிச்சாரு, மிக்ஸ் புடிக்கலன்னு மொத்தத்தயும் தூக்கிப் போட்டுட்டாரு, கம்பெனிக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் இருந்திருக்கும். அப்புறம் ராட், லூ ரெண்டு பேரும் வெளிய, டெட் உள்ள, அதே பாட்டுல பாதிக்கு மேல ஜெர்மனில புதுசா வாசிச்சு 1978ல ஃபோட்டோ ஃபினிஷ்னு வந்துச்சு. தூக்கிப் போட்ட டேப் 2011ல நோட்ஸ் ஃப்ரம் சான் ஃபிரான்சிஸ்கோன்னு வெளிய வந்துச்சு. இப்ப மிசிசிப்பி ஷேக்ஸ் பாட்ட ரெண்டுலயும் அடுத்தடுத்து போடுங்க, ஒரே ஆளு எழுதுனது, ஒரே பேஸ், ஆனா பழசுல வயலின் கூட இருக்கு, பாட்டு நடந்து போகுது, புதுசுல நெஞ்ச நிமித்திக்கிட்டு வருது. ஃபோட்டோ ஃபினிஷ்ல ஷின் கிக்கர் போட்டீங்கன்னா அங்க டெட் தான் சரி, அந்தப் பாட்டுக்கு ஒத தேவை. ரோரி மாறிட்டாரு, ஹார்ட் ராக் பக்கம் போயிட்டாருன்னு எல்லாரும் அவரு தலைல போடறாங்க, எனக்கு என்னவோ ட்ரம்மர் மாறுனதுதான் பாதிக் காரணம். ஆனா 1980 ஸ்டேஜ் ஸ்ட்ரக் லைவ் ஆல்பம் மட்டும் எனக்கு ஆகாது, மூச்சு விட எடமே இல்ல அதுல.

வடக்குத்தெரு: 74ல பெல்ஃபாஸ்ட் போறதுக்கு பேண்ட்ல யாரும் பயப்படலயா? அப்ப அங்க நெலம மோசமாச்சே.

மோசம்தான், வடக்கு அயர்லாந்துல குண்டு வெடிப்பு சகஜமா இருந்த நேரம், வெளியூர் பேண்டுங்க அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ஆனா ஜெர்ரிக்கு அது சொந்த ஊரு, லூவும் அங்க பொறந்தவரு, ரோரி தெற்குப் பக்கம் வளர்ந்தாலும் அந்த ஊர விட்டதே இல்ல. 1974 ஜனவரி, பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், டப்ளின் கார்ல்டன் சினிமா, கார்க் சிட்டி ஹால், இந்தச் சுத்துலதான் ஐரிஷ் டூர் '74 ரெக்கார்ட் ஆச்சு, ஃபேசஸ் பேண்ட்ல இருந்த ரானி லேனோட மொபைல் ஸ்டுடியோ வண்டிய வெச்சு. டோனி பாமர் அதே டூர படமாவும் எடுத்தாரு. பேண்ட் எப்படி வேல செஞ்சுதுன்னு பாக்கணும்னா அந்தப் படத்துல ரோரி மூஞ்சியப் பாக்காம ராட் கண்ணப் பாருங்க, கிட்டார் கழுத்த விட்டு நகராது.

ஸ்டோன்ஸ் தம்பி: ரோலிங் ஸ்டோன்ஸ்ல சேர வேண்டியவரு, பேண்டுக்காக விட்டுட்டாருன்னு சொல்றது சரியா சார்?

பேண்டுக்காகன்னு சொன்னா கொஞ்சம் ஓவர். 1975 ஜனவரி, ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் மிக் டெய்லர் போன எடத்துக்கு ஆள் தேடுறப்ப ராட்டர்டாம்ல அவங்க கூட சில நாள் வாசிச்சாரு. ஜப்பான் டூர் தேதி குடுத்தாச்சு, ஜெர்ரி, ராட், லூ எல்லாம் ரெடி, அதனால பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அவரே பக்கவாத்தியமா போனதும் உண்டுங்க, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸோட லண்டன் ரெக்கார்டிங், 1973ல ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸோட லண்டன் ரெக்கார்டிங். அங்கெல்லாம் கம்முனு ஒதுங்கி நின்னு வாசிப்பாரு, அதையும் கேளுங்க.

ஊதுகுழல்: மவுத் ஆர்கன் ரோரியே நல்லா வாசிப்பாரே, தனியா ஒரு ஆள் எதுக்கு?

மார்க் ஃபெல்தம் ரேஞ்சே வேற. நைன் பிலோ ஜீரோ பேண்ட்காரரு, டாக் டாக் பேண்டோட ஸ்பிரிட் ஆஃப் ஈடன் ஆல்பத்துலயும் அவரு ஊதுனதுதான். ரோரி அவரக் கூட்டிட்டு வந்தது எனக்கென்னவோ லூ விட்டுட்டுப் போன எடத்த நெரப்பத்தான், கிட்டாருக்குப் பதில் சொல்ல ஒரு குரல் வேணுமே. வேடிக்கை என்னன்னா 1991ல ஜெர்ரியும் பிரெண்டனும் கெளம்பிப் போயி சேர்ந்தது மார்க்கோட அதே நைன் பிலோ ஜீரோலதான், மார்க் மட்டும் ரோரி கூடவே தங்கிட்டாரு, 1995 ஜனவரி ராட்டர்டாம் கடைசிக் கச்சேரி வரைக்கும்.

பழைய டேப்: இவங்கள்லாம் இப்ப இருக்காங்களா அண்ணே?

லூ 2012ல, ராட் 2014ல, டெட் 2019ல போயிட்டாங்க. டெட்டும் ஜெர்ரியும் பேண்ட் ஆஃப் ஃபிரெண்ட்ஸ்னு ஒண்ணு வெச்சு ரோரி பாட்ட ஊர் ஊரா வாசிச்சிட்டிருந்தாங்க, கிட்டாருக்கு மார்செல் ஷெர்பன்சீல்னு ஒரு டச்சுக்காரரு. ஜெர்ரி எழுதுன ரைடிங் ஷாட்கன்னு ஒரு புக் இருக்கு, கெடச்சா விடாதீங்க.

கடைசி பெஞ்ச்: லேட்டா வந்துட்டேன், ஒரே கேள்வி. கோயிங் டு மை ஹோம்டவுன் பாட்டுல அந்த மேண்டலின் யாரு வாசிச்சது?

ரோரியேதான்.