படித்து முடித்த பிறகுதான் பேச வேண்டுமா?

கேள்வி: தங்கள் இதழின் 'இப்போது படிப்பது' பகுதியில், பாதியளவே படித்த நூல்களைப் பற்றி வாசகர்கள் மாதந்தோறும் எழுதுகிறார்கள். முடிவு தெரியாத நூலைப் பற்றிப் பேச ஒருவருக்கு என்ன தகுதி இருக்கிறது? கல்யாண வீட்டில் சாமான் பரப்பி ஊரைக் கூட்டிக் காட்டுவதைப் போலத்தான் எனக்கு இது படுகிறது. போதாக்குறைக்குச் சென்ற இதழில் ஒருவர் துப்பறியும் நாவல் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். படிப்பு அவரவர் மனத்துக்குள் இருக்க வேண்டியது என்று எங்கள் ஐயா சொல்வார்கள். அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு, கற்றறிந்தவர்களின் மதிப்புரைகளை வெளியிடலாமே?

(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: நிறுத்துவதாக இல்லை. மதிப்புரைகள் வரட்டும், மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். ஆனால் அவை இந்தப் பகுதிக்கு மாற்றாக மாட்டா. மதிப்புரை எழுதுபவர் நூலை முடித்து, நிறை குறைகளைச் சீர்தூக்கி, ஒரு தீர்ப்போடு வருகிறார். நூலின் நடுவில் நிற்கும் வாசகரோ, அடுத்து என்ன வரும் என்று தெரியாமலேயே, தம்மை மேலே போகவிடாமல் பிடித்து நிறுத்திய இடத்தைச் சொல்கிறார். முடித்த பிறகு அதை அவராலேயே அப்படிச் சொல்ல முடியாது. முடிவு தெரிந்தவுடன், வழியில் எழுந்த ஐயங்களும் பொய்த்துப்போன ஊகங்களும் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன.

முடிக்காத நூலைப் பற்றிப் பேசுவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதும் அன்று. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தபோது, அதைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர்கூட அதை முடித்திருக்கவில்லை, முடித்திருக்க வழியும் இல்லை. அந்த மூன்றரை ஆண்டுப் பேச்சுக்குத் தகுதி இருந்ததா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் பக்கத்துக் கம்பன் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய அந்த விழாவுக்கு வருகிறவர்களில் கம்பனை முழுவதும் ஓதி முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆயினும் வாலி வதம் சரியா தவறா என்ற வழக்கை மண்டபத்தோடு விட்டுவிடாமல், பேருந்து நிறுத்தம் வரை பேசிக்கொண்டே போகிறார்கள். அவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்க் கிட்கிந்தா காண்டத்தைத் தேடி எடுக்கிறார்கள் என்பதே அந்த விழாவின் பெரும்பயன் என்று நான் கருதுகிறேன்.

நான் இப்போது படித்துக்கொண்டிருப்பதையே சொல்கிறேன். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்திருக்கிறேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்த நூலை, 1942 ஏப்ரலில் அவர் மறைந்துவிட்டமையால், எழுதியவரே முடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் வாசலைத் தொடுவதற்கு முன்பே கதை நின்றுவிடுகிறது. முடிவைக் கண்ட பிறகுதான் பேசலாம் என்றால், தமிழின் தலைசிறந்த தன்வரலாற்றைப் பற்றி எவரும் எக்காலத்தும் வாய் திறக்க இயலாது.

அதில் நான் இப்போது நிற்கும் இடம் உங்கள் கேள்விக்கே விடையாக இருக்கிறது. 1880ஆம் ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்த ஆண்டும் அதுவே. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் வரிசையாக அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. இவ்வளவுதானா என்ற தோரணையில், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அதுவரை அந்த நூலைப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான், 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்து, பிறகு சங்க நூல்களின் பதிப்புகளாக வளர்ந்த அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும். படிப்பு அவரவர் மனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முதலியாரும் எண்ணி, நலம் மட்டும் விசாரித்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. சமணக் காப்பியமான சிந்தாமணியில் பொருள் விளங்காமல் தவித்த ஐயர், கும்பகோணத்திலிருந்த சைனர் (சமணர்) வீடொன்றுக்குப் போகிறார். போன அன்று அவர்கள் தங்கள் வழக்கப்படி சிந்தாமணியை வாசித்து நிறைவு செய்து, அதை ஒரு விசேஷமாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏடுகளில் தேடி அலுத்த ஒருவருக்கு, தம் ஊரிலேயே, நடந்து போகும் தொலைவில், அந்த நூலைப் பரம்பரையாகப் படித்துவரும் குடும்பம் இருந்தது என்பது அதுவரை தெரியாது. அவருடைய ஐயங்கள் பலவற்றை அவர்களே தீர்த்துவைத்தார்கள். இன்று நம் ஊர்களில் எந்த வீட்டில் எதைப் படிக்கிறார்கள் என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரியச் செய்வதற்காகத்தான் நாங்கள் இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

ஆகவே, சாமான் பரப்புவதோடு நீங்கள் ஒப்பிட்டதை நான் ஏற்க இயலாது. பரப்பிய வெள்ளிச் சாமானைப் பார்த்தவர் எவரும் அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஒருவர் சொன்ன நூலையோ கேட்டவர் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சினத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்கு வரும் கடிதங்களில் கணிசமானவை வெறும் பெயர்ப்பட்டியல்களாக இருக்கின்றன. தடித்த நூல்கள் ஐந்தாறின் பெயரை எழுதி, 'அருமை, அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்' என்று முடித்துவிடுகிறார்கள். முதலியார் முன்னால் அடுக்கப்பட்ட பட்டியலுக்கு நேர்ந்ததுதான் இவற்றுக்கும் நேர வேண்டும். ஒரு நூல் போதும். அதில் எந்த இடம், எவருடைய எந்தச் சொல், படித்துவிட்டு அன்று இரவு எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதினால் போதும். பிடிக்கவில்லை, நாற்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன் என்று காரணத்தோடு எழுதுபவரையும் வரவேற்கிறோம்.

துப்பறியும் நாவலைப் பற்றிச் சொன்னீர்கள். நம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, தொழிலால் பெயர்ப்பலகை ஓவியர். அவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றில் இலக்கண இலக்கியங்களோடு குஜிலி எனப்பட்ட மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்களும், நாடக நோட்டீசுகளும், கல்யாணப் பத்திரிகைகளும், அக்காலத்துத் துப்பறியும் நாவல்களும் கலந்திருந்தன. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். உயர்ந்தவை என்று ஊர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் அவர் சேர்த்திருந்தால், அவை வேறு பல நூலகங்களிலும் கிடைத்திருக்கும். மக்கள் உண்மையில் எதை விரும்பிப் படித்தார்கள் என்பதற்கு அவர் பொறுக்கிவைத்த தாள்களே சான்று. துப்பறியும் நாவலை இரசித்துப் படித்தேன் என்று சொந்த ஊர்ப் பெயரோடு எழுதிய அந்த வாசகரின் நேர்மையை, படிக்காத காப்பியத்தைப் படித்ததாக எழுதுபவரின் புலமையைவிட நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஐயா அவர்கள் சொன்னதாக எழுதியிருப்பதையும் மரியாதையோடே மறுக்கிறேன். மனத்துக்குள் வைத்துக்கொண்டவர்களின் புத்தகங்கள் நம் பக்கத்தில் என்ன ஆகின்றன என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பங்காளிகள் ஆளுக்கு ஓர் ஊரில் இருக்க, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டின் கண்ணாடி அலமாரியில், இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொண்டுவந்த நூல்கள் அட்டை உதிர்ந்து நிற்கின்றன. அவற்றை வாங்கியவர் எதை விரும்பினார், எதைத் திரும்பத் திரும்பப் படித்தார் என்று பிள்ளைகளிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், பங்கு பிரிக்கும்போது எனாமல் சட்டிக்கும் தேக்குத் தூணுக்கும் நடக்கும் பேச்சில் ஒரு பகுதியாவது அந்தப் புத்தகங்களுக்காகவும் நடந்திருக்கும். சொல்லாததால் அவை எடைக்குப் போகின்றன.

அடுத்த இதழ் முதல் இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களிடம் ஒன்று கூடுதலாகக் கேட்கப்போகிறோம். நூலின் பெயரோடு, அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும்: கடையில் வாங்கியதா, கிளை நூலகத்தில் எடுத்ததா, வீட்டு அலமாரியில் இருந்ததா, இரவல் தர இயலுமா என்று. பதிப்பில் இல்லாத நூலாக இருந்து, உரியவர் படிக்கத் தரவும் இசைந்தால், கேட்டு எழுதுபவரின் கடிதத்தை நாங்களே அவருக்கு அனுப்பிவைப்போம்.