அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் தம்பிக்கு ‘ப்ரொபேஷன்’ என்று மெயில் வந்திருக்கிறது. திருமங்கலத்தில் அம்மா அழுகிறார். திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பயப்படாதீர்கள் அக்கா, அது எச்சரிக்கைதான், நீக்கம் இல்லை. நம் மதுரைக் கல்லூரிகளில் அரியர் விழுந்தால் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதினால் போதும். அங்கே எல்லாப் பாடத்திலும் பாஸானாலும் ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது; எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் 3.0.

தம்பி வாங்கியது இரண்டு ‘பி’, ஒரு ‘சி’ என்கிறீர்கள். ‘ஏ’க்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2 புள்ளி. மூன்று பாடத்துக்கும் ஒரே கிரெடிட் (பாடத்தின் எடை) என்றால் 3+3+2, சராசரி 2.67. அடுத்த செமஸ்டரில் ஒரு ‘ஏ’, இரண்டு ‘பி’ எடுத்தால் ஆறு பாடத்துக்கு 18, சரியாக 3.0. கட்டாயம் முடியும்.

என் கவலையெல்லாம் வேறு. பயத்தில் பாடத்தைத் தானாக டிராப் செய்துவிடப் போகிறார். அனுமதி இல்லாமல் முழுநேரப் படிப்புக்குக் கீழே போனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கே ஆபத்து. முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசச் சொல்லுங்கள்.